வீட்டுத் தொட்டியில் கோலியஸ்: வளர்க்கும் முறையும் கழனிக்குக் காவலும்

நம் கிராமங்களில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளின் தாழ்வாரங்களிலும் கூடங்களிலும், ஊராட்சி அலுவலகங்களின் முன்கட்டிலும், வண்ண இலைச் செடிகளைத் தொட்டியில் வைத்து வளர்க்கும் வழக்கம் பெருகி வருகின்றது. பூக்கும் செடிகளுக்கு வேண்டிய முழு வெயில் வீட்டினுள் கிடைப்பதில்லை. ஆதலின், பூவின்றியே இலையினால் அழகு தரும் செடிகளை மக்கள் நாடுகின்றனர். அத்தகைய செடிகளுள் விலை மலிந்ததும், எளிதிற் பெருக்கத்தக்கதும், சிவப்பு, ஊதா, மஞ்சள், பச்சை முதலிய நிறங்கள் ஓரிலையிலேயே கலந்து விளங்குவதும் கோலியஸ் என்னும் செடியாகும்.

வீட்டு அலங்காரச் செடியொன்றைப் பற்றிப் பயிர்த்தொழிற் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நிலமுடையார் சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பயிராகும் சிறுகிழங்கும், சேலம் முதலிய இடங்களில் பயிராகும் மருந்துக் கூர்க்கனும், வீட்டுக் கொல்லையில் வளரும் கற்பூரவல்லியும் இக்கோலியஸ் செடியின் நெருங்கிய உறவினங்களாம். தொட்டிச் செடிக்கு வரும் சில கேடுகள் அவ்வுறவுப் பயிர்களுக்கும் வருவன. அவற்றுள் ஒன்று, அதாவது வேர்முடிச்சு நூற்புழு, கத்தரி, தக்காளி, வெண்டை, வாழை, மஞ்சள், வெற்றிலை முதலிய பயிர்களையும் விட்டுவைப்பதில்லை. தொட்டியில் செடியொன்று கெட்டால் நஷ்டம் சில ரூபாய்களே. அத்தொட்டியின் மண் கழனியிற் போய்ச் சேர்ந்தாலோ, அதன் பலனைப் பல ஆண்டுகள் அனுபவிக்க நேரும். ஆகையால், செடியை நன்கு வளர்க்கும் முறையையும், அதன் கேடு வீட்டு வாசலைத் தாண்டாவண்ணம் காக்கும் முறையையும் சேர்த்தே ஈண்டு எழுதுகின்றோம்.

செடியின் இனமும் பெயரும்

கோலியஸ் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் அது உருண்டையாயிராமல் நாற்பட்டையாயிருப்பது தெரியும். இலைகள் கணுவுக்கு இரண்டாய், எதிரெதிரே நிற்கும். பூக்கள் சிறியவை, வெளிர்நீல நிறமாய்த் துளசிக் கதிரைப்போல் நுனியில் நீண்டு தோன்றும். பலர் இதனையும் குரோட்டன்ஸ் என்றே அழைக்கின்றனர். அது பிழை. குரோட்டன்ஸ் ஆமணக்குக் குடும்பத்தது, கிள்ளினால் பால் வடியும், இலை தடித்திருக்கும், பல்லாண்டு நிற்கும் புதராகும். கோலியஸில் பால் இல்லை. தண்டு நீர்ச்சத்து மிகுந்து மென்மையாயிருக்கும்.

இதன் இயற்கையான இருப்பிடம் தென்கிழக்காசியத் தீவுகள் முதல் ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரையிலுள்ள ஈரமும் வெப்பமும் கூடிய காடுகள். மரநிழலிலும் காட்டோரத்திலும் வளர்ந்த செடியாதலின், வீட்டினுள் மட்டான வெளிச்சத்தில் வாழும் இயல்பு அதற்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே கலப்புச் செய்யப்பெற்றுப் பல வகைகளாகப் பெருகியது.

லின்னேயஸ் என்னும் அறிஞர் 1763-ல் இச்செடியைத் துளசியின் இனத்திலேயே சேர்த்துப் பெயரிட்டார். லூரெய்ரோ என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் 1790-ல் கற்பூரவல்லியை முதலாக வைத்துக் கோலியஸ் என்னும் தனியினத்தை வகுத்தார். கிரேக்க மொழியில் இச்சொல்லுக்கு உறை என்பது பொருள். பூவிலுள்ள மகரந்தத் தாள்கள் அடியில் ஒன்றாய் இணைந்து உறைபோல் அமைந்திருத்தலின் இப்பெயர் வந்தது. 1830-ல் பெந்தம் என்பவர் வண்ண இலைச் செடியையும் இவ்வினத்திற் சேர்த்தார். பிற்காலத்தில் இச்செடிகளை வேறு இனங்களுக்கு மாற்றியிருந்தனர். 2019-ல் மீண்டும் கோலியஸ் என்ற பெயருக்கே கொண்டுவந்தனர். இப்பெயர் மாற்றங்களில் நமக்குள்ள பிரயோஜனம் யாதெனின், வண்ணக் கோலியஸ், கற்பூரவல்லி, சிறுகிழங்கு, மருந்துக் கூர்க்கன் ஆகிய நான்கும் ஒரே இனம் என்பது உறுதிப்பட்டதேயாம்.

உறவினமாயினும் குணம் ஒன்றன்று. சளிக்கும் இருமலுக்கும் கற்பூரவல்லி இலையைக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வண்ணக் கோலியஸ் இலை உண்பதற்குரியதன்று. கற்பூரவல்லி இலை தடித்து, மயிருடன், கசக்கினால் கடும் வாசனை வீசும். வண்ணக் கோலியஸில் அவ்வாசனை இல்லை. சிறுவர்க்கும் பணியாட்களுக்கும் இவ்வேற்றுமையைக் காட்டி வைத்தல் வேண்டும். நாய், பூனை மேயாத இடத்தில் தொட்டியை வைத்தலும் நலம்.

வைக்குமிடமும் வெளிச்சமும்

இச்செடியின் அழகெல்லாம் வெளிச்சத்தைப் பொறுத்தது. இலையின் சிவப்பும் ஊதாவும் ஒருவகைச் சாயப்பொருளால் உண்டாவன. வெளிச்சம் குறைந்தால் செடி அச்சாயத்தைக் குறைவாய் உண்டாக்கிப் பச்சையத்தையே பெருக்கிக்கொள்ளும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, ஜன்னலை நோக்கிச் சாயும். கடும் வெயில் பட்டாலோ நிறம் வெளுத்து, இலையோரம் கருகும்.

கிழக்கு ஜன்னலருகே காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படும் இடம் மிகப் பொருத்தமானது. வடக்கு ஜன்னலும் அகலமானதாயின் போதும். மேற்கிலும் தெற்கிலும் பிற்பகல் வெயில் நேரே படாமல் மெல்லிய திரையோ ஓலைத் தட்டியோ இடவேண்டும். வெளிச்சம் போதுமா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நடுப்பகலில் செடிக்கு ஒரு முழ உயரத்தில் கையை விரித்துப் பிடிக்க. விரல்களின் நிழல் பிரிந்து தெரிந்தால் வெளிச்சம் போதும். நிழலே விழவில்லையாயின் அவ்விடம் செடிக்கு ஆகாது.

நம் பழைய வீடுகளின் கூடங்கள் பெரும்பாலும் இருண்டவை. அத்தகைய வீட்டினர் இரண்டு தொட்டிகள் வைத்துக்கொள்ளட்டும். ஒன்று கூடத்திலும் மற்றொன்று கொல்லையில் மரநிழலிலும் இருக்கலாம். இரு வாரத்திற்கு ஒருமுறை இடம் மாற்றினால் இரண்டும் நிறங்குன்றாமல் நிற்கும். ஒரே இடத்தில் வைத்திருப்போர் வாரந்தோறும் தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் செடி ஒரு பக்கம் சாயாது. மின்விசிறியின் காற்று நேரே படும் இடம் தகாது; இலை விரைவில் வாடும்.

18 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பம் இதற்கு உகந்தது. சமவெளியில் குளிரைப்பற்றிய கவலையில்லை. உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்களில் உறைபனி பட்டால் செடி ஓரிரவிற் கருகிவிடும். அங்குள்ளோர் மார்கழி, தை மாதங்களில் இரவில் ஜன்னற் கண்ணாடியை ஒட்டி வைக்கலாகாது.

தொட்டியும் மண்ணும்

ஒரு செடிக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் வாயகலமுள்ள தொட்டி போதும். சுட்ட மண்தொட்டி சிறந்தது. அதன் சுவர்வழியே காற்றும் ஈரமும் பரவும். பிளாஸ்டிக் தொட்டியாயின் நீரைக் குறைத்து விடவேண்டும். எத்தொட்டியாயினும் அடியில் துளை அவசியம். துளையின்மேல் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் வெளியேறாது, நீரும் தடைப்படாது.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. இதனுடன் தொட்டிக்கு ஒரு பிடி தூளாக்கிய வேப்பம் பிண்ணாக்குச் சேர்க்கலாம். கரிசல் மண் தனியே ஆகாது. நீர் தேங்கி வேர் அழுகும். மட்காத சாணம் இட்டால் வேர் வெந்துபோம்.

இங்கே முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கத்தரி, தக்காளி, வெண்டை பயிரிட்ட பாத்தியிலிருந்தோ, பழைய வாழைத் தோட்டத்திலிருந்தோ தொட்டிக்கு மண் எடுக்கலாகாது. வேர்முடிச்சு நூற்புழு பெரும்பாலும் அம்மண்ணில் குடியிருக்கும். மண் எங்கிருந்து வந்ததாயினும், கலவையைச் சாக்கில் பரப்பிக் கொதிக்கும் நீரை நன்கு நனையுமாறு ஊற்றி, மூடிவைத்து ஆறிய பின் உலர்த்தி உபயோகித்தல் உத்தமம். இரண்டு மூன்று தொட்டிகளுக்கு இவ்வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நீர் விடும் முறை

வீட்டுச் செடிகள் பல நீரின்றிச் சாவதினும், மிகுந்த நீரால் சாவதே அதிகம். நாள்தோறும் இத்தனை செம்பு என்று கணக்கு வைத்தல் தவறு. விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் நுழைத்துப் பார்க்க. ஈரம் இருந்தால் நீர் வேண்டா. உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே சிறிது வடியுமளவு விடுக. கோடையில் இது ஒன்றுவிட்டு ஒரு நாளாகவும், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நாலைந்து நாளுக்கு ஒருமுறையாகவும் அமையும்.

கோலியஸின் இலைகள் தாகத்தை விரைவிற் காட்டும். பிற்பகலில் துவண்டு தொங்கும் செடி, நீர் விட்ட ஓரிரு மணியில் நிமிர்ந்துவிடும். ஆயினும் துவளும் செடிக்கெல்லாம் நீர் ஊற்றுதல் ஆகாது. மண்ணைத் தொட்டுப் பார்த்தல் முதல். மண் உலர்ந்து இலை துவண்டால் நீர்க்குறை. மண் ஈரமாயிருந்தும் இலை துவண்டு, தண்டின் அடி கறுத்துக் குழைந்தால் வேரழுகல். மண் மட்டாய் ஈரமிருந்தும், தண்டு கெட்டியாயிருந்தும், வெயிலேறியபோதெல்லாம் துவண்டு, செடி வளராமல் குன்றி நின்றால் வேரில் நூற்புழு இருக்கலாம். இம்மூன்றையும் பிரித்தறிவோர் செடியைக் காப்பர். அறியாதோர் மூன்றிற்கும் நீரே ஊற்றுவர்.

தொட்டியின்கீழ் வைக்கும் தட்டில் நீர் நிற்கலாகாது. வேருக்குக் கேடு என்பதன்றி, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தெளிந்த நீரிலேயே முட்டையிடும் என்பதையும் ஊராட்சி அலுவலர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பிறர் வீட்டுத் தொட்டிகளைச் சோதிக்கும் அலுவலகத்தில் தன் தட்டே கொசு வளர்த்தல் அழகன்று. தட்டிலுள்ள நீரை அன்றன்றே கொட்டிவிடுக.

நுனி கிள்ளுதலும் எருவிடுதலும்

செடி நான்கு கணு வளர்ந்ததும் உச்சி நுனியை நகத்தாற் கிள்ளிவிட வேண்டும். உச்சிக் குருத்து நிற்கும்வரை அதில் ஊறும் ஒருவகைப் பொருள் கீழ்க்கணுக்களின் மொட்டுகளை அடக்கிவைக்கும். உச்சி போனவுடன் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கிளை புறப்படும். அக்கிளைகள் மூன்று கணு வந்ததும் அவற்றையும் கிள்ளுக. இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால் செடி குடைபோல் தழைக்கும்.

பூங்கதிர் தோன்றியவுடன் அதனையும் கிள்ளிவிட வேண்டும். பூவும் விதையும் பிடித்தால் செடி தன் பலத்தையெல்லாம் அங்கே செலுத்தி, இலை சிறுத்து, அடியிலை உதிர்ந்து மூப்படையும். புகையிலையில் கொண்டை ஒடிக்கும் குடியானவர்க்கு இதன் நியாயத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எரு மிகுதியாய் வேண்டா. மாதம் ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணிற் கிளறிவிட்டு நீர் விடுதல் போதும். யூரியா இடுவோர் சிலர் உண்டு. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருத்துப் பச்சையோடி நிறங்குன்றும். தண்டு மேலும் மென்மையாகிப் பூச்சிகளுக்கு விருந்தாகும். கழனிக்கு வாங்கிய நஞ்சுக் குருணை மருந்துகளை வீட்டுத் தொட்டியில் இடுதல் அறவே கூடாது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் அது பேராபத்து.

தண்டு நறுக்கி நடுதல்

கோலியஸ் செடி ஓராண்டுக்குப்பின் அடி முதிர்ந்து, கீழே இலையற்று, மேலே மட்டும் கொண்டையாய் நிற்கும். பழஞ்செடியைக் காப்பாற்ற முயல்வதினும், ஆண்டுதோறும் நுனித்தண்டு நறுக்கிப் புதுச்செடி உண்டாக்குதல் மேல். விதையிலிருந்தும் வளர்க்கலாம், விதை மிகப் பொடியது, மண்மூடாமல் மேலே தூவவேண்டும், வெளிச்சம் பட்டாலன்றி நன்கு முளையாது. ஆனால் விதைச்செடி தாயின் நிறத்தைக் கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. தண்டிலிருந்து வந்தது தாயின் நிறத்தையே கொள்ளும்.

பூக்காத இளங்கிளையில் ஒரு சாண் அளவுக்குக் குறையாமல் தேர்ந்து, அதன் நுனியில் 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் நறுக்குக. அடியிலுள்ள இலைகளைக் களைந்து, உச்சியில் இரண்டு இணை மட்டும் விடுக. பெரிய இலையைப் பாதியாய்க் கத்தரித்தால் ஈரம் வீணாகாது. கழுவிய ஆற்று மணலில் ஒரு கணு புதையும்படி ஊன்றி, நிழலில் வைத்து, ஈரங்காயாமல் பூவாளியால் தெளித்து வருக. ஒரு வாரம் முதல் இரு வாரத்திற்குள் வேர்விடும். தண்ணீர்க் குப்பியில் வைத்தும் வேர்விடுவிக்கலாம். அந்நீரை மூன்று நாளுக்கொருமுறை மாற்றவேண்டும்.

சிறுகிழங்குக்குக் கொடித்தண்டு நறுக்கி நடுவதும், மருந்துக் கூர்க்கனுக்கு நுனித்தண்டு வேர்விடுவித்து நடுவதும் இதே முறைதான். ஆகையால், வீட்டுத் தொட்டியில் இவ்வேலையைச் செம்மையாய்ச் செய்யப் பழகிய பிள்ளைகள், நாளை நாற்றங்காலிலும் செம்மையாய்ச் செய்வர்.

மாவுப்பூச்சி முதலியன

வீட்டினுள் இச்செடிக்கு முதற்பகை மாவுப்பூச்சி. கணுவிடுக்கிலும் இலையடியிலும் வெண்பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன்போன்ற நீரை நாடி எறும்புகள் வரும். எறும்பு வெறும் விருந்தாளியன்று. மாவுப்பூச்சிக்குக் காவலும் அதுவே. இரைப்பூச்சிகள் அண்டாமல் விரட்டி, அதனைப் பெருக விடும். ஆதலின் தொட்டியை மணைமேல் வைத்து, மணையின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தி, அந்நீரில் சிறிது சோப்பு கரைத்துவைத்தால் எறும்பும் ஏறாது, கொசுவும் வளராது.

பூச்சி சில காணின், மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாய்த் துடைத்தெடுக்கலாம். மிகுந்திருப்பின் செடியை வெளியே கொண்டுபோய், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க. வாரம் ஒருமுறை மூன்று வாரம் தொடரவேண்டும். முட்டையிலிருந்து பொரிப்பவை பின்னர் வெளிவரும். மாலையில் தெளிப்பதே நன்று. வெள்ளை ஈ, அசுவினி, கோடையில் வரும் சிலந்திப்பேன் ஆகியவற்றிற்கும் இதுவே போதும். முற்றிலும் பூச்சியடைந்த செடியை வெட்டி எரித்துவிடுக, குப்பைமேட்டில் எறியற்க.

மாவுப்பூச்சியை அற்பமாய் எண்ணுவோர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் முதன்முதற் காணப்பெற்றது. சில பருவங்களுக்குள் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகிய பயிர்களில் பெருஞ்சேதம் விளைந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பின்னரே அது அடங்கிற்று. வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் இத்தகைய விருந்தினரைச் சுமந்துவரக்கூடும். ஆகையால் வாங்கிய செடியை மூன்று வாரம் தனியிடத்தில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றச் செடிகளோடு சேர்க்க.

வேர்முடிச்சு நூற்புழு

இனி, நிலமுடையார் அதிகமாய்க் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருகின்றோம். வேர்முடிச்சு நூற்புழு கண்ணுக்குத் தெரியாதது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு ஒரு மில்லிமீட்டரில் பாதியளவும் இராது. மண்ணின் ஈரத்தில் நீந்திச்சென்று இளவேரின் நுனியைத் துளைத்து உட்புகும். அது தங்கிய இடத்தில் வேரணுக்கள் பருத்து முடிச்சாகும். பெண்புழு அங்கேயே இருந்துகொண்டு சில நூறு முட்டைகளை இடும். வெப்பமான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஆறு மாதப் பயிரொன்றில் எத்தனை தலைமுறை பெருகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இக்கேடு நமக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் அரசாங்கத் தாவரவியலறிஞராயிருந்த ஸி. ஏ. பார்பர் என்பவர் 1901-லேயே தென்னிந்தியத் தேயிலைச் செடிகளின் வேரில் இதனைக் கண்டெழுதினார். பின்னாளில் 1912-ல் தோன்றிய கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவரும் அவரே.

வண்ணக் கோலியஸ் இப்புழுவுக்கு மிக உகந்த செடி. மருந்துக் கூர்க்கனில் நூற்புழு துளைத்த வாயில்வழியே வாடல், அழுகல் நோய்களின் பூசணமும் நுழைந்து, செடி கூட்டங்கூட்டமாய் மடியும். சிறுகிழங்கில் வேரோடு கிழங்கும் முடிச்சிட்டு, உருக்கெட்டு, சந்தையில் விலைபோகாமற் போம். பொங்கலுக்கென்று பறித்த கிழங்கு சந்தையிற் கழிக்கப்பட்டுத் திரும்பின், குடியானவர்க்கு அந்தப் பண்டிகை எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தொட்டிச் செடியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தொட்டியினின்று கவிழ்த்தெடுத்து, வேரை நீரில் அலசிப் பார்த்தல் வேண்டும். வேர் வெண்மையாய் நூல்போல் இருந்தால் நலம். கடுகளவு முதல் பட்டாணியளவு வரை முடிச்சுகள் தென்பட்டால் நூற்புழு உண்டென்று கொள்க. அவரை, நிலக்கடலை வேர்களிலுள்ள முடிச்சுகள் விரலாற் சுரண்டினால் தனியே உதிர்ந்துவிடும். அவை நன்மை தருவன. நூற்புழு முடிச்சு வேரே பருத்தது, பிரித்தெடுக்க வராது.

முடிச்சுண்ட செடியைத் தொட்டியிலேயே குணப்படுத்த முயல்வது வீண். ஆயினும் அருமையான நிறமுடைய வகையை இழக்க வேண்டியதில்லை. இப்புழு வேரில் வாழ்வது, நுனித்தண்டில் ஏறுவதில்லை. ஆகையால், மண் படாத உயரத்திலுள்ள நுனியை நறுக்கி, கழுவிய கையாலும் கத்தியாலும், சுத்தமான மணலில் வேர்விடுவித்தால் நோயற்ற செடி கிடைக்கும். மாவுப்பூச்சியின் வழி இதற்கு நேர்மாறானது. அது தண்டோடு வரும். ஆகவே அண்டை வீட்டாரிடம் செடி கேட்டு வாங்குவோர்க்கு இலக்கணம் இதுவே: வேரும் மண்ணுமாய் வாங்கற்க, நுனித்தண்டாய் வாங்குக, அத்தண்டையும் சோப்பு நீரில் கழுவி, கணுவிடுக்குகளை உற்றுப்பார்த்து நடுக.

தொட்டி மண்ணைக் கழிக்கும் முறை

ஒரு தொட்டியில் மூன்று நான்கு கிலோ மண்தானே இருக்கும், அதனால் ஒரு காணி நிலம் கெட்டுவிடுமோ என்று கேட்போர் உண்டு. கெடும். மூன்று கிலோ மண்ணில் ஆயிரக்கணக்கான முட்டைகளுக்கு இடமுண்டு. நம் வீடுகளில் வாடிய செடியை மண்ணோடு எருக்குழியிற் கொட்டுகின்றோம். அவ்வெரு ஆறு மாதங்கழித்து வண்டியேறிக் கழனிக்குப் போகின்றது. அல்லது கொல்லை வாய்க்காலோரம் கொட்டுகின்றோம். மழைநீர் அதனைக் கீழ்வயலுக்குக் கொண்டுசெல்கின்றது. பின்பு களைக்கொத்திலும், ஏர்க்காலிலும், டிராக்டர்ச் சக்கரத்திலும் ஒட்டிய மண் அடுத்த பாத்திக்கு எடுத்துச்செல்லும். வந்த புழுவை நிலத்தினின்று முற்றிலும் ஒழித்தல் எளிதன்று. வாராமற் காத்தலோ மிக எளிது.

செய்ய வேண்டுவது இது. முடிச்சுண்ட வேரை முழுதும் பொறுக்கி உலர்த்தி எரித்துவிடுக. மண்ணைச் சிறிது ஈரமாக்கி, சிமெண்டுத் தளத்தின்மேல் ஒரு சாண் உயரத்திற்கு மேற்படாமற் பரப்பி, வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்துக் காற்றுப் புகாமல் அடைக்க. சித்திரை, வைகாசி வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் இவ்வாறிருப்பின், உள்ளே ஏறும் வெப்பத்தில் புழுவும் முட்டையும் பெரும்பாலும் மாய்ந்துபோம். இடையில் இருமுறை மண்ணைப் புரட்டிவிடுக. வெயிலற்ற காலத்தில் கொதிநீர் ஊற்றும் முறையே தகும். பழந்தொட்டியைக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்த பின் உபயோகிக்க. இவ்வாறு செய்த மண்ணையும் தொட்டிக்கே திரும்ப உபயோகிப்பதன்றிக் கழனிக்கு அனுப்பாதிருத்தல் நலம்.

கழனியில் ஏற்கெனவே இப்புழு உள்ளோர்க்கு

சிறுகிழங்கோ கூர்க்கனோ பயிரிடுவோர், நாற்றங்காலுக்குச் சென்ற ஆண்டு அப்பயிரில்லாத நிலத்தையே தேர்ந்தெடுக்க. முடிச்சுண்ட கிழங்கை விதைக்கு வைக்கலாகாது. அறுவடைக்குப்பின் வேர்களைப் பொறுக்கி எரித்து, கோடையுழவு செய்து மண்ணை வெயிலிற் காயவிடுக. நீர்வசதியுள்ளோர் இடையே ஒரு போகம் நெல் நட்டால், நீர் தேங்கிய மண்ணில் இப்புழு குறையும். செண்டுமல்லியை ஊடுபயிராகவோ வரப்புப் பயிராகவோ இடுதலும் பயன் தரும்.

1963 முதல் திருவனந்தபுரத்தில் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் கண்ட வழியொன்று குறிப்பிடத்தக்கது. ஸ்ரீ பத்ரா என்னும் சர்க்கரைவள்ளி வகையை முன்பயிராக இட்டால், நூற்புழு அதன் வேருட் புகுந்து, வளர்ச்சி முற்றாமல் அங்கேயே மடியும். பொறியில் எலி அகப்படுவதுபோல் புழு அகப்படுதலின், அதற்குப் பின்வரும் சிறுகிழங்கு தப்பும். அந்நிலையத்தார் 1993-ல் வெளியிட்ட ஸ்ரீ தாரா என்னும் சிறுகிழங்கு வகையும் பயிரிடத்தக்கது.

ஐயமுள்ளோர், நிலத்தில் ஐந்தாறு இடங்களில் வேரடியிலிருந்து எடுத்துக் கலந்த மண் கால் கிலோவும், ஒரு கைப்பிடி இளவேரும் பாலிதீன் பையிலிட்டு, வெயில் படாமல், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் வாயிலாகவோ நேராகவோ, கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறைக்கு அனுப்பிச் சோதித்தறியலாம்.

சுருங்கக் கூறின்

1. காலை வெயிலும் நல்ல வெளிச்சமும் உள்ள இடத்தில் வைக்க.
2. மண்ணைத் தொட்டுப் பார்த்தே நீர் விடுக; தட்டில் நீர் நிற்க விடற்க.
3. நுனியையும் பூங்கதிரையும் கிள்ளுக. ஆண்டுதோறும் தண்டு நறுக்கிப் புதுப்பிக்க.
4. காய்கறிப் பாத்தி மண்ணைத் தொட்டிக்கு எடுக்கற்க. கொதிநீரூற்றிய மண்ணையே உபயோகிக்க.
5. செடியை வேரோடும் மண்ணோடும் வாங்கற்க, கொடுக்கற்க. கழுவிய நுனித்தண்டே போதும்.
6. ஆண்டுக்கொருமுறை வேரை அலசிப் பார்க்க.
7. கெட்ட தொட்டியின் மண்ணை எருக்குழிக்கோ வாய்க்காலுக்கோ விடற்க.

இவ்வேழனுள் ஐந்தாவதும் ஏழாவதும் ஊர் முழுவதும் சேர்ந்து கடைப்பிடிக்க வேண்டியவை. ஒரு வீட்டார் காத்து, அண்டை வீட்டார் வாய்க்காலிற் கொட்டினால் பயனில்லை. ஆகையால் கிராம அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் முதலில் தங்கள் அலுவலக முகப்பிலுள்ள தொட்டியைக் கவிழ்த்து, வேரை அலசி, கூடியிருப்போர்க்குக் காட்டுவார்களாக. வேரின் வெண்மையையோ முடிச்சையோ ஒருமுறை கண்ணாற் கண்டவர், பின்னர்த் தம் கழனியின் வேரையும் தாமே பறித்துப் பார்ப்பர். தொட்டிச் செடியால் கழனிக்கு வரக்கூடிய நன்மை அதுவேயாகும்.